தூக்குமேடைக்கு வந்த மன்னிப்பு: 'பிச்சைக்காரனின் ஓப்பரா'வின் களமாற்றங்கள் (1728–1978)

ஆய்வுச்சுருக்கம்

ஜான் கே எழுதி 1728இல் இலண்டனில் மேடையேறிய 'பிச்சைக்காரனின் ஓப்பரா', இருநூறு ஆண்டுகளுக்குப் பின் பெர்லினில் பெர்டோல்ட் பிரெக்ட், குர்ட் வைல் ஆகியோரின் 'மூன்று காசு ஓப்பரா'வாக மறுபிறவி எடுத்தது. பின்னர்ப் பிராகா, புனே, இலே-இஃபே, ரியோ டி ஜெனிரோ ஆகிய நகரங்களில் அந்நாடகம் புதிய களங்களைப் பெற்றது. இம்மறுஆக்கங்களை மூலத்தோடு ஒத்திருக்கும் அளவு கொண்டு மதிப்பிடும் வழக்கத்திலிருந்து இக்கட்டுரை விலகுகிறது. தூக்கிலிடப்படவேண்டிய கள்வன் இறுதிக் காட்சியில் விடுவிக்கப்படும் நிகழ்வை மையமாகக் கொண்டு, அவ்விடுதலையை வழங்குபவர் யார் என்னும் வினாவை ஒவ்வொரு வடிவத்திடமும் எழுப்புகிறது. களமாற்றம் என்பது இடப்பெயர்களின் மாற்றம் மட்டுமன்று. கருணை காட்டும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதை அந்தந்த மண்ணில் கண்டறியும் செயலே அதன் உட்கூறு என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: களமாற்றம், வழிநூல், மெட்டு, பாலட் ஓப்பரா, ஜான் கே, பிரெக்ட், அரச மன்னிப்பு.

முன்னுரை

வழிநூல் குறித்த சிந்தனை தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் முதல்நூலையும் வழிநூலையும் வேறுபடுத்துவதோடு, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலை நால்வகைப்படுத்துகிறது. இந்நான்கும் முதல்நூலின் பொருளுக்கு வழிநூலாசிரியன் என்ன செய்கிறான் என்பதையே நோக்குகின்றன. கதையின் நிலமும் காலமும் முற்றிலும் மாறும்போது பொருளுக்கு என்ன நேர்கிறது என்பது நாடக ஆய்வு தனியே எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகனைப் பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' ஆக்கியபோது இவ்வினா தமிழ் மேடையிலும் எழுந்தது. ஆயினும் இத்தகைய ஆக்கங்களைத் 'தழுவல்' என்று பெயரிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றையும் சேர்ந்தவற்றையும் பட்டியலிடுவதோடு ஆய்வு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

பட்டியலிடும் முறைக்கு அப்பால் செல்ல, பலமுறை களம் மாறிய ஒரே நாடகத்தை நெடுங்காலப் பரப்பில் காண்பது பயன்தரும். அதற்குப் 'பிச்சைக்காரனின் ஓப்பரா' மிகப் பொருத்தமான சான்றாகும். 250 ஆண்டுகளில் அதன் நகரங்களும் இசையும் மொழியும் மாறின. ஒரு கேள்வி மட்டும் மாறாமல் தொடர்ந்தது: குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைக் காப்பாற்ற யாருக்கு அதிகாரம் உண்டு?

1. இலண்டன், 1728: தெரிந்த மெட்டு, தெரிந்த குற்றம்

'பிச்சைக்காரனின் ஓப்பரா' 1728 சனவரி 29 அன்று லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. டுரூரி லேன் அரங்கு மறுத்த பின்னரே ஜான் ரிச் இதனை ஏற்றார். முதற்பருவத்திலேயே 62 முறை நிகழ்த்தப்பட்டதால், மறுத்தவர்களின் கணிப்புப் பொய்த்தது. சிறைச்சாலையைக் களமாகக் கொண்டு ஒரு முல்லைப்பாட்டு எழுதினால் என்ன என்னும் கருத்தை ஜானதன் ஸ்விஃப்ட் 1716ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் முன்வைத்திருந்தார். கே அக்கருத்தை நாடகமாக வளர்த்தெடுத்தார்.

நாடகத்தின் 69 பாடல்களுள் பெரும்பாலானவை தெருவிலும் மதுக்கடையிலும் மக்கள் பாடிவந்த மெட்டுகளுக்குப் புதிய சொற்களை இட்டு அமைக்கப்பட்டவை. பெபுஷ் என்னும் இசைஞர் அவற்றை அரங்கிற்கு ஏற்ப ஒழுங்குசெய்தார். தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் அதன் வர்ணமெட்டு குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டவர்க்கு இம்முறை அந்நியமானதாகத் தோன்றாது. பாலட் ஓப்பரா எனப் பெயர்பெற்ற இவ்வடிவத்தில் மெட்டு வெறும் அலங்காரமாக அமையவில்லை. பழைய மெட்டைக் கேட்டவுடன் அவையோர் நினைவில் பழைய சொற்கள் எழும். மேடையில் ஒலிக்கும் புதிய சொற்களோ அதற்கு மாறான பொருளைத் தரும். அந்த இடைவெளியிலேயே எள்ளல் பிறக்கிறது. ஹாண்டல் இயற்றிய 'ரினால்டோ' என்னும் இத்தாலியமொழி ஓப்பராவின் அணிவகுப்பு இசை, இந்நாடகத்தில் வழிப்பறிக் கூட்டத்தார் பாடும் பாட்டாகிறது. உயர்குடியினரின் வீரம் கள்வரின் வீரமாக மாறுவதற்கு அங்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கதைமாந்தரும் அவையோர் அறிந்தவர்களே. பீச்சம் திருட்டுப்பொருள் வாங்கி விற்பவன்; தனக்கு இனிப் பயன்படாத திருடர்களைத் தானே காட்டிக்கொடுத்து வெகுமதி பெறுபவன். காட்டிக்கொடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவன் பெயரில் உள்ளது. 1692ஆம் ஆண்டுச் சட்டப்படி வழிப்பறிக் குற்றவாளி ஒருவனுக்குத் தண்டனை வாங்கித் தந்தவர் 40 பவுண்டு வெகுமதி பெற்றார். அந்த ஏற்பாட்டைத் தொழிலாகவே நடத்திய ஜானதன் வைல்ட் 1725இல் தூக்கிலிடப்பட்டான். சிறையிலிருந்து பலமுறை தப்பி மக்களின் வியப்புக்குரியவனான ஜாக் ஷெப்பர்ட் அதற்கு முந்தைய ஆண்டில் தூக்கிலிடப்பட்டிருந்தான். பீச்சமிடம் முன்னவனின் சாயலையும், கள்வர் தலைவன் மெக்ஹீத்திடம் பின்னவனின் சாயலையும் அவையோர் கண்டனர். முதலமைச்சர் ராபர்ட் வால்போலின் சாயலையும் அவர்கள் இவ்விருவரிடமும் கண்டனர். இதனாலேயே நாடகம் அரசியல் நிகழ்வாயிற்று.

2. மன்னிப்பு என்னும் ஆட்சிக்கருவி

நாடகத்தின் முடிவில் மெக்ஹீத் தூக்குமேடைக்கு இட்டுச்செல்லப்படுகிறான். அப்போது, நாடகத்தை எழுதியவனாக மேடையில் தோன்றும் பிச்சைக்காரனை நடிகன் ஒருவன் தடுக்கிறான். ஓப்பரா என்றால் இன்பமாகவே முடியவேண்டும் என்பது அவன் வாதம். பிச்சைக்காரன் இசைகிறான், மன்னிப்பு அறிவிக்கப்படுகிறது, மெக்ஹீத் பிழைக்கிறான். திட்டமிட்டவாறு முடிந்திருந்தால், பணக்காரரிடம் உள்ள தீயொழுக்கங்களே ஏழைகளிடமும் உள்ளன, ஆனால் தண்டனை ஏழைகளுக்கு மட்டுமே என்னும் நீதி வெளிப்பட்டிருக்கும் என்பதையும் அவன் சொல்லிவிடுகிறான். நீதி நாடகத்திலிருந்து நீக்கப்படுகிறது. நீக்கப்பட்டது இன்னதென்று அறிவிக்கவும்படுகிறது.

இம்முடிவை இத்தாலியமொழி ஓப்பராவின் மீதான கேலி என்ற அளவிலேயே படிப்பதுண்டு. அக்காலத் தண்டனை வரலாற்றோடு இணைத்துப் பார்க்கும்போது அதன் ஆழம் புலப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சொத்துக்கு எதிரான குற்றங்கள் பலவற்றுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் மட்டுமே ஏறத்தாழ ஐம்பது குற்றங்களை மரணதண்டனைக்குரியவை ஆக்கியது. எனினும் தண்டனை பெற்றவர் அனைவரும் தூக்கிலிடப்படவில்லை. அரச மன்னிப்பால் பலர் தப்பினர். பலர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். வரலாற்றறிஞர் டக்ளஸ் ஹே 1975இல் வெளியிட்ட ஆய்வில், இம்மன்னிப்பு சட்டத்தின் குறைபாட்டால் விளைந்ததன்று, ஆளும் வகுப்பின் செல்வாக்கை நிலைநிறுத்திய கருவி என்று வாதிட்டார். கடுமையான சட்டம் அச்சத்தைத் தந்தது. பரிந்துரையின் வழியே கிடைத்த மன்னிப்பு நன்றிக்கடனைத் தந்தது. யாருக்காகப் பரிந்துபேச எவர் முன்வருவார் என்பதே உயிரைத் தீர்மானித்தது.

இப்பின்புலத்தில் நோக்கினால், கே மன்னிப்பை அரசனிடமிருந்து பறித்து அவையோரிடம் தந்துவிட்டார் எனலாம். மெக்ஹீத்துக்காகப் பரிந்துபேசுவது அரங்கின் சுவை. நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்திருப்பவர் கள்வனைக் காப்பாற்றுகிறார். அடுத்த வாரம் டைபர்னில் ஒரு சிறுதிருடன் தூக்கிலிடப்படுவதை அவரே கூட்டத்தோடு நின்று பார்க்கவும் கூடும். இவ்விரு செயல்களுக்கும் இடையிலான முரணை நாடகம் அவையோரின் மடியிலேயே வைத்துவிடுகிறது.

3. பெர்லின், 1928: குதிரையில் வந்த தூதர்

ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில் 1920 சூன் 5 அன்று நைஜல் பிளேஃபேர் இந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றினார். ஃபிரெடரிக் ஆஸ்டின் இசையை மறுசீரமைத்திருந்தார். 1,463 முறை நிகழ்ந்த அம்மேடையேற்றத்தின் புகழ் ஜெர்மனியை எட்டியது. எலிசபெத் ஹாப்ட்மன் 1927–28 குளிர்காலத்தில் நாடகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஷிஃப்பவர்டாம் அரங்கைக் குத்தகைக்கு எடுத்திருந்த எர்ன்ஸ்ட் யோசப் ஔஃப்ரிக்ட் தொடக்க நாடகம் தேடியபோது, பிரெக்ட் அம்மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்ட ஆக்கத்தை முன்வைத்தார். 1928 ஆகஸ்ட் 31 அன்று, கேயின் நாடகம் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த அதே ஆண்டில், 'மூன்று காசு ஓப்பரா' மேடையேறியது. ஹாப்ட்மனின் பங்கு நெடுங்காலம் உரிய அளவில் பேசப்படவில்லை. களமாற்ற வரலாற்றில் மொழிபெயர்ப்பாளர் மறைந்துபோவது இந்நாடகத்துக்கு மட்டும் உரிய நிலை அன்று.

கதை இலண்டனிலேயே நிகழ்கிறது. ஆனால் காலம் விக்டோரியா அரசியின் முடிசூட்டுக்கு நகர்கிறது. கே தம் அவையோருக்கு அவர்களுடைய நகரையே காட்டினார். பிரெக்டோ பெர்லின் மக்களுக்கு, அவர்கள் கதைகளில் மட்டும் அறிந்த அயல்நகரைக் காட்டினார். களத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வதால் பழக்கமானதை அந்நியமாகக் காணும் பார்வை வாய்க்கிறது. இந்தத் தொலைவில் பீச்சமின் தொழிலும் மாறுகிறது. அவன் இப்போது பிச்சையெடுப்போருக்கு உடையும் செயற்கை ஊனமும் உரிமமும் வழங்கி வருவாயில் பங்குபெறும் நிறுவன உரிமையாளன். மக்களின் இரக்கமே அவன் மூலதனம். மெக்ஹீத் தன் தொழிலை வங்கித் துறைக்கு மாற்றத் திட்டமிடும் நடுத்தர வணிகனைப் போல நடந்துகொள்கிறான். காவல்துறைத் தலைவன் பிரவுன் அவனுடைய பழைய நண்பன். இருவரும் இந்தியாவில் ஆங்கிலேயப் படையில் சேர்ந்து பணியாற்றியவர்கள். சட்டத்துக்கும் திருட்டுக்கும் இடையிலான நட்பின் தோற்றுவாயாகக் காலனிய வன்முறையை பிரெக்ட் சுட்டியிருப்பது இந்திய வாசகர் கவனத்துக்குரியது.

மெக்ஹீத்தைத் தூக்கிலிடாவிட்டால் தன் பிச்சைக்காரர்களை முடிசூட்டு ஊர்வலத்தில் இறக்கிவிடப் போவதாகப் பீச்சம் பிரவுனை அச்சுறுத்துகிறான். நட்பை விட ஊர்வலத்தின் பொலிவு பெரிதாகிறது, மெக்ஹீத் சிறைப்படுகிறான். கையூட்டுக்குப் பணம் திரட்டும் முயற்சி தோற்கிறது. கயிறு கழுத்தை நெருங்கும் வேளையில், ஓப்பராவிலாவது நீதிக்கு மாற்றாகக் கருணை வெல்லட்டும் என்னும் அறிவிப்போடு அரசியின் தூதர் குதிரையில் வருகிறார். மெக்ஹீத்துக்கு விடுதலையோடு பரம்பரை உயர்குடிப் பட்டமும், மாளிகையும், ஆண்டுக்கு 10,000 பவுண்டு ஓய்வூதியமும் கிடைக்கின்றன.

கேயிடம் அவையோரின் சுவைக்கு உரியதாக இருந்த மன்னிப்பு இங்கே அரசின் கொடையாகத் திரும்புகிறது. இதனைப் பின்னடைவு எனக் கருதுவது பொருந்தாது. எவருடைய ஊர்வலம் முடிசூட்டை அச்சுறுத்தியதோ, அந்தப் பிச்சைக்காரர்களுக்கு முடிசூட்டு நாளில் எதுவும் கிடைக்கவில்லை. கொள்ளையனுக்கே மாளிகை கிடைத்தது. அரசின் கருணை எத்திசையில் பாயும் என்பதை அக்கொடையின் மிகைப்பெருக்கே காட்டிவிடுகிறது. மெய்வாழ்வில் இத்தகைய தூதர்கள் அரிதாகவே வருவார்கள் என்று பீச்சம் வாயிலாகவே நாடகம் நினைவூட்டி முடிகிறது.

4. மெட்டுகளின் இடப்பெயர்ச்சி

மன்னிப்பு இவ்வாறு இடம்பெயர்ந்ததற்கு இணையாக இசையும் இடம்பெயர்ந்தது. கேயின் நாடகத்திலிருந்து வைல் ஒரேயொரு மெட்டை மட்டுமே வைத்துக்கொண்டார்: பீச்சம் பாடும் காலைத் துதி. இதனால் பாலட் ஓப்பரா முறையை அவர் கைவிட்டதாகத் தோன்றலாம். முறை தொடர்ந்தது, மெட்டின் ஊற்றுதான் மாறியது. 1728இன் இலண்டன் தெருப்பாட்டை 1928இன் பெர்லின் மக்கள் அறியார். அவர்கள் அறிந்தவை நடனக்கூடத்தின் டாங்கோவும் ஃபாக்ஸ்டிராட்டும், தேவாலயத்தின் துதிப்பாடலும், சந்தைத்திடலில் படப்பலகையைக் காட்டிக் கொலைச்செய்தி பாடும் மோரிடாட் பாடகரின் பாட்டும் ஆகும். இவ்வகைகளின் சாயலில் வைல் புதிய இசையை அமைத்தார். முதல் மேடையேற்றத்தில் ஏழு இசைஞர் மட்டுமே கொண்ட குழு பல கருவிகளை மாற்றி மாற்றி இசைத்தது. அவையோர் ஏற்கெனவே அறிந்திருந்தது தனி மெட்டை அன்று, இசைவகையை. இந்நுட்ப வேறுபாடே பிற்காலக் களமாற்றங்களுக்கு வழிகாட்டியது.

இதற்கு இந்தியச் சான்றாக அமைவது பு. ல. தேஷ்பாண்டே மராத்தியில் ஆக்கிய 'தீன் பைஷாச்சா தமாஷா'. ஜப்பார் படேல் இயக்கத்தில் புனேயின் தியேட்டர் அகாடமி 1978இல் இதனை மேடையேற்றியது. நாடகப் பெயரிலிருந்த 'ஓப்பரா' என்னும் சொல்லுக்கு ஈடாகத் 'தமாஷா' என்னும் மக்கள் நாடக வடிவத்தின் பெயர் வந்தது. மராத்தி மேடையிசையும், லாவணி முதலிய மக்கள் இசையும், மேலைநாட்டு மெல்லிசையும் ஒரே நாடகத்தில் அருகருகே ஒலித்தன. மெக்ஹீத்தின் இடத்தில் வரும் அங்குஷ் பாத்திரத்தை மேலையிசைப் பாடகரான நந்து பெண்டே ஏற்றார். எவ்வகுப்பினர் எவ்விசையைத் தமதாகக் கொள்கின்றனர் என்பதைப் புனே, மும்பை அவையோர் நன்கறிவர் என்பதால், பாத்திரம் பாடத் தொடங்கியவுடன் அதன் சமூக நிலை புலப்பட்டுவிடும். வைலின் இசையை அப்படியே கொணர்ந்திருந்தால் இப்பயன் விளைந்திராது. வைல் கேயிடமிருந்து கற்றதைத் தேஷ்பாண்டே வைலிடமிருந்து கற்றார் எனக் கூறலாம். வடிவத்துக்கு உண்மையாக இருக்க ஒலியைக் கைவிட நேர்ந்தது.

5. பிராகா, இலே-இஃபே, ரியோ: 1975–1978

எழுபதுகளின் நடுப்பகுதியில் மூன்று வேறு அரசியல் சூழல்களில் இந்நாடகம் களம் மாறியது. மூன்று ஆக்கங்களிலும் மன்னிப்பின் ஊற்று வேறுவேறாக அமைகிறது.

செக்கோஸ்லோவாக்கியாவில் வாக்லாவ் ஹாவெல், பிரெக்டை விடுத்துக் கேயையே முதல்நூலாகக் கொண்டு எழுதினார். அவருடைய நாடகத்தில் பாட்டு இல்லை. அனைவரும் மிகுந்த தருக்கத்தோடு, அலுவலக மொழியில், தம் துரோகங்களை நியாயப்படுத்திப் பேசிக்கொண்டே இருக்கின்றனர். திருடர் கூட்டங்களும் காவல்துறையும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, எவர் எவருக்காக உழைக்கிறார் என்பதே தெரியாத நிலை உருவாகிறது. இறுதியில் மெக்ஹீத்துக்கு மன்னிப்புத் தூதர் வருவதில்லை. காவல்துறைத் தலைவன் லாக்கிட்டுக்காக ஒற்றுவேலை செய்ய இசைவதே அவன் உயிரின் விலை. இங்கே கருணை என்பது ஒத்துழைப்பு ஒப்பந்தம். சோவியத் படையெடுப்புக்குப் பிந்தைய செக் சமூகத்தில் ஒருவர் தம் வேலையையும் பிள்ளைகளின் கல்வியையும் காத்துக்கொள்ள என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்க்கு இம்முடிவு அயலானதாக இருந்திராது.

நைஜீரியாவில் வோலே சோயிங்காவின் 'ஓப்பரா வொன்யோசி' 1977 திசம்பரில் இஃபே பல்கலைக்கழகத்தில் மேடையேறியது. வொன்யோசி என்பது எண்ணெய்ச் செல்வம் பெருகிய காலத்தில் செல்வர் அணிந்த விலையுயர்ந்த துணியின் பெயர். களம், நைஜீரியாவை விட்டு வெளியேறியோர் வாழும் மத்திய ஆப்பிரிக்க நாடு. காலம், பொக்காசா தன்னைப் பேரரசனாக முடிசூட்டிக்கொண்ட தருணம். அம்முடிசூட்டு 1977 திசம்பர் 4 அன்று, ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவில் நிகழ்ந்தது. பிரெக்டுக்குத் தொலைவான கற்பனைப் பின்னணியாக இருந்த முடிசூட்டு, சோயிங்காவுக்கு அம்மாதச் செய்தி. மெக்ஹீத்தை விடுவிப்பது பேரரசனின் முடிசூட்டுப் பொதுமன்னிப்பு. அதே காலப்பகுதியில் நைஜீரியாவில் ஆயுதக் கொள்ளையர் லாகோசின் பார் கடற்கரையில் மக்கள் முன்னிலையில் சுட்டுக்கொல்லப்பட்டுவந்தனர். சிறு கொள்ளையன் கடற்கரையில் சாகிறான். பெருங்கொள்ளையன் முடிசூடிக்கொண்டு பிறருக்கு மன்னிப்பு வழங்குகிறான். கேயின் பிச்சைக்காரன் நீக்கிவிட்ட நீதி இங்கு வெளிப்படையாகவே மேடைக்கு வந்துவிடுகிறது.

பிரேசிலில் சிக்கோ புவார்க்கி எழுதி 1978இல் ரியோவில் மேடையேறிய 'ஓப்பரா து மலாந்த்ரோ', படையாட்சியின் கீழ் இருந்துகொண்டு 1940களின் வர்காஸ் சர்வாதிகாரக் காலத்தைக் களமாகக் கொண்டது. நாடகத்துக்குள் ஆசிரியனாக வருபவன் பெயர் ஜுவாவ் அலெக்ரே. ஜான் கே என்னும் பெயரின் போர்த்துகீசிய வடிவமே அது. மெக்ஹீத் இங்கே கள்ளக்கடத்தல்காரன். அவன் தொழிலைச் சட்டபூர்வ நிறுவனமாக மாற்ற முனைபவள் அவன் மனைவி தெரசின்யா. மகிழ்ச்சி முடிவு, புகழ்பெற்ற ஐரோப்பிய ஓப்பராப் பகுதிகளின் மெட்டுகளுக்குப் புதுச்சொற்கள் இட்ட நீண்ட பாட்டாக அமைந்து, அயல்நாட்டு முதலீட்டின் வருகையைக் கொண்டாடுகிறது. கள்வனை மீட்பது அரசனோ அவையோ அன்று, வணிகம். நிறுவனமாகப் பதிவாகும் திருட்டுக்கு மன்னிப்பே தேவைப்படுவதில்லை. கேயின் பழைய உத்தியான மெட்டுமாற்று இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இங்குத் தன் முழு ஆற்றலோடு திரும்பியிருப்பதும் நோக்கத்தக்கது.

6. கேளிக்கையா, கண்டனமா?

இந்நாடகத்தின் எல்லா வடிவங்கள் மீதும் எழுப்பத்தக்க வலுவான மறுப்பு ஒன்றுண்டு. எள்ளலுக்கு இலக்கானோரே இதனை விரும்பிச் சுவைத்தனர். 1728இல் பாடல்கள் அச்சிட்ட விசிறிகளும் சீட்டுக்கட்டுகளும் விற்பனையாயின. 1954இல் நியூயார்க்கில் மார்க் பிளிட்ஸ்டைனின் ஆங்கில ஆக்கமாக மேடையேறிய 'மூன்று காசு ஓப்பரா', இடைநின்று 1955இல் மீண்டும் தொடங்கி, 1961 வரை 2,600-க்கும் மேற்பட்ட முறை நிகழ்ந்தது. கொலைகாரனின் பெயர்ப்பட்டியலான மோரிடாட் பாட்டு உலகெங்கும் மெல்லிசையாகப் பரவியது. முதலாளியத்தைச் சாடும் நாடகம் முதலாளியத்தின் சிறந்த விற்பனைப்பொருளாயிற்று என்னும் குற்றச்சாட்டைப் புறந்தள்ள முடியாது.

எனினும், ஆட்சியாளர் இந்நாடகத்தை வெறும் கேளிக்கையாகக் கொள்ளவில்லை என்பதற்கான சான்றுகளும் அதே வரலாற்றில் உள்ளன. கேயின் தொடர்நாடகமான 'பாலி' 1728 திசம்பரில் தடைசெய்யப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த 1737ஆம் ஆண்டு உரிமச் சட்டம், நாடகங்களை முன்கூட்டித் தணிக்கை செய்யும் அதிகாரத்தை உறுதிப்படுத்தியது. அவ்வதிகாரம் பிரிட்டனில் 1968 வரை நீடித்தது. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பிரெக்டும் வைலும் ஜெர்மனியை விட்டு வெளியேறினர். அவர்கள் படைப்புகள் தடைக்குள்ளாயின. ஹாவெலின் நாடகம் 1975 நவம்பர் 1 அன்று பிராகாவின் புறநகரான ஹோர்னி பொச்செர்னித்செயில், அந்திரெய் கிரோபின் இயக்கத்தில் தொழில்முறை சாரா நடிகர்களால் ஒரேயொரு முறை நிகழ்த்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து பங்கேற்றோர் காவல்துறை விசாரணைக்கு உள்ளாயினர், சிலர் வேலையிழந்தனர்.

இங்கே ஒரு கசப்பான முரண் தெளிவாகிறது. மேடையில் கள்வனுக்கு ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு வழியில் விடுதலை கிடைத்தது. அவ்விடுதலையின் பொருளைச் சொல்லிக்காட்டியவர்களுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. கேளிக்கையா கண்டனமா என்னும் வினாவுக்கு நாடகப் பனுவலுக்குள் மட்டும் விடைதேட இயலாது என்பதை இம்முரண் உணர்த்துகிறது. ஒரே நாடகம் நியூயார்க்கில் ஆறாண்டு ஓடும் களிப்பாகவும், பிராகாவில் ஒரே இரவில் முடியும் துணிச்சலாகவும் இருக்கமுடியும். களமாற்றத்தின் ஆய்வு, நாடகத்துக்குள் வரும் களத்தோடு நாடகம் நிகழும் களத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, களமாற்றம் இருதிசைப்பட்டது. பிரெக்டும் புவார்க்கியும் களத்தைத் தம் அவையோரிடமிருந்து காலத்தாலோ இடத்தாலோ தள்ளிவைத்தனர். தேஷ்பாண்டே தம் அவையோரின் மேடைமரபுக்கே அருகில் கொணர்ந்தார். சோயிங்கா இடத்தைத் தள்ளிவைத்துக் காலத்தை அம்மாதத்துக்கே நெருக்கினார். 'நாட்டுமயமாக்கல்' என்னும் ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டை விளக்கப் போதாது.

இரண்டாவதாக, இசைநாடகத்தில் மாற்றமின்றிக் காக்கப்படவேண்டியது மெட்டு அன்று. மெட்டுக்கும் அவையோரின் நினைவுக்கும் உள்ள உறவு. அவ்வுறவைக் காக்கவே வைல் கேயின் மெட்டுகளை விடுத்தார். தேஷ்பாண்டே வைலின் இசையை விடுத்தார்.

மூன்றாவதாக, இந்நாடகத்தின் ஒவ்வொரு வழிநூலும் மன்னிப்பை வழங்குபவரைத் தன் மண்ணில் தேடியது. கேயிடம் அவையோர், பிரெக்டிடம் அரசி, ஹாவெலிடம் காவல்துறை, சோயிங்காவிடம் தன்னைத்தானே முடிசூட்டிக்கொண்ட பேரரசன், புவார்க்கியிடம் முதலீடு என அவ்விடம் நிரப்பப்பட்டது. கள்வன், காட்டிக்கொடுப்பவன், இரு பெண்களின் போட்டி ஆகியவை எந்நகரத்திலும் எளிதில் கிடைப்பவை. மன்னிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிவதற்கே அந்நிலத்தின் ஆட்சிமுறை பற்றிய அறிவு தேவைப்பட்டது. அதனைக் கண்டறிந்த ஆக்கங்கள் முதல்நூலுக்கு நிகராக நின்றன.

தமிழ் மேடையின் தழுவல் நாடகங்களை ஆராய்வோருக்கும் இவ்வினா பயன்படக்கூடும். மூலத்திலுள்ள எப்பாத்திரம் எத்தமிழ்ப் பெயரைப் பெற்றது என்பதோடு நில்லாது, மூலத்தில் தீர்ப்பளித்தவரின் இருக்கையில் தமிழ் நாடகம் யாரை அமர்த்தியது என்று கேட்கலாம். அவ்வினாவுக்கான விடை நாடகத்தைப் பற்றி மட்டுமன்றி, அது எழுதப்பட்ட காலத்தின் அதிகார ஒழுங்கைப் பற்றியும் பேசும்.